புஷ்பா கட்டிய புடவை: கங்கம்மா ஜாத்தரையும் ஒரு சண்டைப் படமும்

[திரையில்: 2023 ஏப்ரலில் வெளியான ‘புஷ்பா 2’ போஸ்டர்]

நீலம் பூசிய முகம், மூக்குத்தி, புடவை, கழுத்தில் எலுமிச்சை மாலை, கையில் துப்பாக்கி. தெலுங்குப் படமான ‘புஷ்பா 2’-இல் செம்மரக் கடத்தல்காரன் புஷ்பாவாக வரும் அல்லு அர்ஜுனின் இந்த கெட்டப்பைப் பார்த்து "என்னடா இது?" என்று கேட்டவர்கள் நிறைய. ஆனால் திருப்பதிக்காரர்களுக்குத் துப்பாக்கியைத் தவிர மற்றதெல்லாம் பழக்கமானதுதான்.

[திரையில்: திருப்பதி, தாத்தய்யகுண்டா கங்கம்மா கோயில்]

இந்தக் கங்கம்மா ஏழுமலையானின் தங்கை. மே மாதம் ஜாத்தரை, அதாவது அம்மன் திருவிழா வந்தால் அண்ணன் வீட்டுச் சீராகப் புடவையும் மஞ்சள் குங்குமமும் மலையிலிருந்து இறங்கி வரும். வேண்டிக்கொண்ட ஆண்கள் புடவை கட்டி, பொய்முடி வைத்து, வளையல் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள். பல வீடுகளில் மனைவியோ அம்மாவோதான் மடிப்பு எடுத்துவிடுவார்கள். கேலி செய்ய அங்கே யாரும் இல்லை, அது நேர்த்திக்கடன்.

அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஊரை ஆண்ட பாளையக்காரன் ஒருவன் பெண்களைச் சும்மா விடவில்லை. கங்கம்மாவிடமும் கையை நீட்டினான். அவள் தன் உருவத்தைக் காட்டியதும் ஓடி ஒளிந்துகொண்டான். அவள் நாளுக்கொரு வேஷம் போட்டுத் தேடினாள். கடைசியில் துரை வேஷத்தில் வந்தாள். நம்மைவிடப் பெரிய துரை வந்திருக்கிறார் போல என்று அவன் வெளியே வர, தலை போனது. இந்த வேஷங்களைக் கட்டும் பரம்பரை உரிமை கைகால குலத்தாருக்கு.

சரி, இப்போது படம். சுகுமார் இயக்கி 2024 டிசம்பரில் வந்தது. 3 மணி 20 நிமிடப் படத்தில் எல்லோரும் பேசியது ஜாத்தரைக் காட்சியைத்தான். அமைச்சரின் உறவுக்காரன் ஒருவன் புஷ்பாவின் அண்ணன் மகளிடம் கையை வைக்கிறான். அதிகாரத்தில் இருப்பவன், பெண், தண்டனை: பாளையக்காரன் கதையின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. இந்த இடத்தில் சுகுமாரைப் பாராட்டத்தான் வேண்டும். ஜாத்தரையை வெறும் குத்துப்பாட்டுக்கான மைதானமாக அவர் பார்க்கவில்லை.

[திரையில்: மாதங்கி வேஷம்]

ஆனால் ஒன்று தலைகீழாகிவிட்டது. ஜாத்தரையில் கொல்வது துரை வேஷம், அதாவது ஆண் வேடத்தில் இருக்கும் அம்மன். அம்மனின் பெண் வேஷமான மாதங்கி அதற்கு அப்புறம்தான் வருவாள். செத்தவனின் மனைவியிடம் போய் ஆறுதல் சொல்லத்தான் மாதங்கி வந்தாள் என்று ஒரு வழக்கு உண்டு. சினிமாவில் அந்த மாதங்கிக் கோலமே அடிதடிக்கு யூனிஃபார்ம் ஆகிவிட்டது. ஜாத்தரையில் புடவை கட்டும் ஆண் தன் மீசை முறுக்கைக் கொஞ்சநேரம் கழற்றி வைக்கிறான். புஷ்பாவுக்கோ புடவை கட்டியதும் முறுக்கு இரண்டு மடங்காகிறது. கதையில் பெண் தானே கிளம்பிப் போய்ப் பழி தீர்த்தாள். படத்தில் சித்தப்பா வந்து காப்பாற்றும்வரை அவள் காத்திருக்க வேண்டும்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இந்த அம்மன் அந்நியமில்லை. குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள், ரேணுகையின் வெட்டுண்ட தலையாக வணங்கப்படும் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் பார்த்தவர்களுக்கு, படத்தின் பாட்டில் கங்கையையும் ரேணுகையையும் சேர்த்து அழைப்பது ஏன் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

[திரையில்: அம்மன் முன் கைகூப்பி நிற்கும் புஷ்பா]

சண்டையைவிட எனக்கு உறுத்தியது அதற்கு முன்னால் வரும் வேண்டுதல். மனைவி ஸ்ரீவள்ளி கர்ப்பமாக இருக்கிறாள். புஷ்பா பெண் குழந்தை கேட்கிறான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. காரணம்? தெலுங்கு நாட்டில் ஒருவரை முதலில் விசாரிப்பதே இண்டிபேரு, அதாவது வீட்டுப்பெயரை வைத்துத்தான். முறையாகத் தாலி கட்டாத தாய்க்குப் பிறந்ததால் அப்பாவின் வீட்டுப்பெயரை அண்ணன் இவனுக்குத் தரவில்லை. மகன் பிறந்தால் அவனும் இதே அவமானத்தைச் சுமப்பான். மகள் என்றால் கட்டிக்கொடுத்த வீட்டின் பெயர் கிடைத்துவிடும்.

ஆக, பெண் குழந்தை வேண்டும் என்ற ஆசைக்கு அடியில் இருப்பதும் அப்பன் வழிக் கணக்குதான். செம்மரக் காட்டையே ஆளும் ஒருவன், அந்த முறையை மட்டும் ஒரு வார்த்தை கேள்வி கேட்கவில்லை. அதற்குள் நுழைய ஒரு இடம் கிடைத்தால் போதும் என்கிறான். அதையும் புடவை கட்டிக்கொண்டு, பாளையக்காரன் தலையை எடுத்த அம்மனிடமே கேட்கிறான்.