ஒரே ஒரு கால்வாய்

நேயர்களுக்கு வணக்கம்.

சர்க்கரை வியாதிக்கு கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். சல்ஃபோனைல்யூரியா என்னும் இந்த வகை மருந்துகள் 1950-களிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டன. கணையத்தில் அவை எந்த இடத்தில் வேலை செய்து இன்சுலினைச் சுரக்க வைக்கின்றன என்பது மட்டும் ஏறக்குறைய முப்பது வருடம் விளங்காமலே இருந்தது. அந்தப் புதிர் அவிழக் காரணமானவர்களில் ஒருவர், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஃபிரான்சிஸ் ஆஷ்கிராஃப்ட் அம்மையார்.

நம் செல் ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய சவ்வு உண்டு. அதில் புரதத்தாலான நுண்துளைகள் இருக்கின்றன. சோடியம், பொட்டாசியம், கால்சியம் அயனிகள் அவற்றின் வழியே போய்வரும். இவைதான் அயனிக் கால்வாய்கள். இதயம் துடிப்பதற்கும் இவை திறந்து மூட வேண்டும்.

ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருப்பது, கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்லுக்கு எப்படித் தெரிகிறது? 1984-இல் ஆஷ்கிராஃப்டும் உடன் பணியாற்றிய இருவரும், எலியின் பீட்டா செல் மீது மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயை ஒட்டவைத்து, ஒற்றைக் கால்வாயில் ஓடும் மின்னோட்டத்தை அளந்தார்கள். வெளியே குளுக்கோஸைச் சேர்த்ததும் பொட்டாசியம் கால்வாய் மூடிக்கொண்டது.

இந்தச் சோதனையில் நான் வியந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. குழாயின் வாய் சவ்வோடு இறுக ஒட்டியிருந்தது. ஆகவே வெளியே ஊற்றிய குளுக்கோஸ் அந்தக் கால்வாயை நேராகத் தொட வழியே இல்லை. அப்படியானால் செல் குளுக்கோஸை உள்ளே எடுத்து, எரித்து, உள்ளிருந்துதான் கால்வாய்க்குச் செய்தி அனுப்பியிருக்க வேண்டும். அந்தச் செய்தியைக் கொண்டுபோவது, குளுக்கோஸ் எரியும்போது செல்லுக்குள் உருவாகும் ஏடிபி என்ற மூலக்கூறு. ஏடிபி பெருகினால் கால்வாய் மூடும், பொட்டாசியம் வெளியேற முடியாது, சவ்வின் மின்னழுத்தம் மாறும், கால்சியம் உள்ளே பாயும், இன்சுலின் வெளிவரும். மறு வருடமே, சல்ஃபோனைல்யூரியா மாத்திரையும் இதே கால்வாயைத்தான் மூடுகிறது என்று இன்னொரு ஆய்வுக் குழு காட்டியது.

ஆஷ்கிராஃப்ட் அந்தக் கால்வாயை விட்டு விலகவில்லை. ஏடிபி அதன் எந்தப் பகுதியில் ஒட்டுகிறது என்று பல வருடம் தேடினார். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது நோயாளிக்கு உதவாத நுணுக்கமாகத் தோன்றியிருக்கலாம். 2004-இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஹாட்டர்ஸ்லி குழுவும் ஆஷ்கிராஃப்டும் சேர்ந்து வெளியிட்ட முடிவு மருத்துவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. பிறந்த சில வாரங்களிலேயே சர்க்கரை வியாதி வரும் குழந்தைகளில் பலருக்கு, இதே கால்வாயின் மரபணுவில் பிழை இருந்தது. ஏடிபி பெருகினாலும் கால்வாய் சரியாக மூடாது. இன்சுலின் செல்லுக்குள் இருக்கிறது, வெளியே வரத்தான் வழியில்லை.

ஆனால் மாத்திரைக்கு ஏடிபியின் தயவு தேவையில்லை, அது கால்வாயை நேரடியாக மூடும். 2006-இல் வெளியான ஆய்வில், இத்தகைய பிழையுள்ள 49 பேரில் 44 பேர் இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டு மாத்திரைக்கு மாறினார்கள். கைக்குழந்தைப் பருவம் முதல் ஊசிதான் கதி என்றிருந்த குடும்பங்கள் அவை!

ஆகவே கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். பிறந்து ஆறு மாதத்துக்குள் சர்க்கரை வியாதி கண்ட குழந்தைக்கு, இப்போது வளர்ந்துவிட்டிருந்தாலும், மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். சென்னையிலேயே அந்த வசதி இருக்கிறது. முடிவு வரும்வரை ஊசியை நீங்களாக நிறுத்த வேண்டாம். மாற்றுவதாக இருந்தால் மருத்துவரின் கண்காணிப்பில்தான் மாற்ற வேண்டும்.

நன்றி, வணக்கம்.