சேகோ மரம் நிற்கும் இடம்

(காட்சி: சேலம்–ஆத்தூர் சாலையோரம் ஒரு சேகோ ஆலை. சிமெண்டுக் களத்தில் ஜவ்வரிசி காய்கிறது.)

சேலத்துக்காரர்களுக்குச் சேகோ என்றாலே மரவள்ளிக் கிழங்குதான். ஆனால் அந்தப் பெயருக்கு உரியது கிழங்கு அல்ல, தென்கிழக்கு ஆசியாவின் ஒரு பனை வகை. இரண்டாம் உலகப் போரில், வெளிநாட்டு ஜவ்வரிசி கொண்டுவந்த கப்பல் வரத்து நின்றது. 1940களில் நம் ஊரில் கிழங்கிலிருந்தே ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அசல் சேகோ மரம் இன்றும் இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில், பீட் என்னும் சதுப்பு மண்ணில், வேர் நனைய நிற்கிறது. பீட் எப்படி உருவாகிறது? அதைப் பார்க்க ஏற்காடு ஏறுவோம்.

(காட்சி: காபித் தோட்டம். சில்வர் ஓக் மரத்தடியில் ஒரு கை சருகை விலக்குகிறது.)

மேலே முழுச் சருகு, அடிப்பக்கம் வெள்ளி மின்னுகிறது. அடுத்து, நரம்பு மட்டும் மிஞ்சிய சல்லடை. நான்கு விரற்கடை ஆழத்தில் மண் வந்துவிட்டது. காற்று புகுவதால் பூஞ்சையும் நுண்ணுயிரும் மற்றதைத் தின்று தீர்த்துவிட்டன.

இதே சருகு தேங்கிய நீரில் விழுந்தால்? காற்றில்லை, முழுதாக மக்குவதுமில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து, சில இடங்களில் 10 மீட்டர் ஆழத்தையும் தாண்டிவிடுகிறது. அதுதான் பீட். உலக நிலப்பரப்பில் ஏறக்குறைய 3 சதவீதம்தான். காட்டு மரங்கள் எல்லாம் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகக் கார்பன் அதற்குள் இருக்கிறது.

(காட்சி: வரைபடம். பீட் நிலத்தின் குறுக்கே நேர்கோடாக ஒரு வாய்க்கால்.)

பீட் நிலத்தில் காகிதக் கூழுக்கு அக்கேசியா மரமும் பாமாயிலுக்கு எண்ணெய்ப்பனையும் நடுகிறார்கள். இரண்டின் வேருக்கும் காற்று வேண்டும். அதனால் வாய்க்கால் வெட்டி நீரை வடிக்கிறார்கள். உடனே காற்று இறங்குகிறது, அத்தனை காலமும் மக்காதது மக்கத் தொடங்குகிறது. முதல் சில ஆண்டுகள் நிலம் வேகமாக அமிழும். பிறகும் ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. இறங்கும். மேலே பச்சைப்பசேல் என்று மரம் நிற்கும், கீழே தரையே கரைந்துகொண்டிருக்கும். இதையும் பசுமை என்று சொல்வது எனக்கு உறுத்துகிறது.

தீப்பிடித்தால் இன்னும் மோசம். சேர்வராயன் மலையில் கோடைத் தீ சருகோடு ஓடும்; பச்சைத் தழையால் அடித்து அணைக்கலாம். காய்ந்த பீட்டில் தீ நிலத்துக்குள் இறங்கி வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். 2015இல் இந்தோனேசியாவில் சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. அதில் பீட் நிலமும் ஏராளம். புகை சிங்கப்பூர் வரை போனது.

2016இல் இந்தோனேசியா ஒரு விதி போட்டது: தோட்டங்களில் நீர்மட்டம் தரைக்குக் கீழே 40 செ.மீ.க்கு மேல் இறங்கக் கூடாது. நல்லதுதான், ஆனாலும் சமரசம். அந்த மேல் 40 செ.மீ. மக்கிக்கொண்டுதான் இருக்கும்.

(காட்சி: வாய்க்காலின் குறுக்கே ஒரு மரத்தடுப்பு.)

சுமத்ரா பக்கத்து ரியாவு மாகாணத்துச் சுங்கை தோஹோர், சேகோவை நம்பி வாழும் ஊர். 2014 நவம்பரில் இந்தோனேசியாவின் அப்போதைய அதிபர் ஜோகோ விடோடோ அங்கே போய் ஒரு வாய்க்காலை அடைக்கும் வேலையில் கைகொடுத்தார். சேகோவுக்கு நிலம் வறள வேண்டியதில்லை, ஈரம்தான் வேண்டும். மரத்தை வெட்டினால், நம் வாழைபோல, பக்கக்கன்று எழும்பும். தண்டைப் பிளந்து, உள்ளிருக்கும் சோற்றைத் துருவி, நீர்விட்டுப் பிசைந்து வடித்தால், அடியில் வெள்ளை மாவு தங்குகிறது. ஆத்தூர் சாலை ஆலைத் தொட்டியில் தங்குகிறதே, அதேபோல.