முதல் முப்பத்தேழு நிமிடம் பொறுங்கோ

வணக்கம். பேய்ப்படம் என்றாலே எழும்பிப் போகிற ஆட்களும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள், தெரியும், வானொலியை மூடிவிடாதீர்கள். நான் சொல்ல வந்தது 2017இல் ஜப்பானில் எடுத்த 'ஒன் கட் ஆஃப் தி டெட்' என்ற ஸொம்பிப் படம். செத்தவன் எழும்பி வந்து கடிப்பான், கடிபட்டவனும் எழும்பிக் கடிக்கத் தொடங்குவான், அவ்வளவுதான் ஸொம்பி. இயக்குநர் ஷினிசிரோ உவேதா. செலவு 30 இலட்சம் யென், பெரிய படக்காரருக்கு அது சாப்பாட்டுச் செலவுக்கே காணாது. நடித்தவர்கள் யாரும் அறியாத முகங்கள்.

முதல் 37 நிமிடம் ஒரே ஷொட், கமராவை நிறுத்தாமல் எடுத்தது, வெட்டே கிடையாது. உண்மையைச் சொன்னால் பார்க்கக் கொஞ்சம் அலுப்பாகத்தான் இருக்கும். படத்தில் வருகிற ஆட்கள் திடீரென்று நின்று 'உங்களுக்கு என்ன பொழுதுபோக்கு?' என்று கேட்டுக்கொள்வார்கள். கமரா நிலத்தில் விழுந்து அப்படியே கிடக்கும். பொடியள் பலபேர் அந்த இடத்தில்தான் போனைத் தள்ளிவிட்டு அடுத்ததுக்குப் போகிறார்கள்.

முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்து விடிய விடியப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். உள்ளே அரசனுக்கு முடிக்கயிறு அறுந்துபோச்சு என்று வையுங்கள், கூத்தை நடத்துகிற அண்ணாவியார் என்ன செய்வார், பாட்டை இழுப்பார், ஒரு அடியை நாலு தரம் திருப்புவார். சனம் பாட்டு நல்லாயிருக்கு என்று தலையாட்டும். கொட்டகைக்குப் பின்னால் நிற்கிறவன்தான் ஊசிநூலைத் தேடி ஓடுகிறான், சிரிப்பும் அவனுக்குத்தான்.

படத்தின் மிச்சப் பகுதி அந்தப் பின்பக்கந்தான். (பார்க்க நினைப்பவர்கள் காதைப் பொத்துங்கோ.) ஒரு தொலைக்காட்சிக்காரர் ஸொம்பிக் கதையை நேரடியாக, ஒரே ஷொட்டில் ஒளிபரப்பக் கேட்கிறார், முதலில் பார்த்த 37 நிமிடம் அந்த ஒளிபரப்புத்தான். ஒரு நடிகர் குடித்துவிட்டு மட்டையாகிறார், ஒலிப்பதிவு ஆளாக நடிப்பவருக்கு வயிற்றைக் கலக்குகிறது. இவர்களைச் சரிக்கட்டும்வரை மற்றவர்கள் பேசி நேரத்தை இழுக்கவேண்டும், அதுதான் அந்தப் பொழுதுபோக்குக் கேள்வி! கமராக்காரருக்கு இடுப்புப் பிடித்து விழ, உதவியாளர் கமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். அலுப்புத் தட்டின ஒவ்வொரு இடத்துக்கும் இப்போது வயிறு நோகச் சிரிப்பீர்கள்.

விமர்சகர்கள் பாடுதான் பாவம், கதையைச் சொன்னால் படம் கெட்டது, சொல்லாவிட்டால் ஏன் நல்லது என்று எப்படி எழுதுவது? அதனால் பலபேர் 'கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்' என்றே எழுதினார்கள். விமர்சனங்களைத் தொகுக்கிற ரொட்டன் டொமாட்டோஸ் தளத்தில் நூற்றுக்கு நூறு. தோக்கியோவில் சின்னத் திரையரங்கில் தொடங்கின படம், 2018இல் நாடு முழுக்கப் பரவிப் போட்ட காசைவிட ஆயிரம் மடங்கு எடுத்தது. பத்தாம் நிமிடத்தில் நட்சத்திரம் போடுகிற எங்கட பழக்கத்துக்கு இந்தப் படம் ஒத்துவராது, திரும்பவும் சொல்கிறேன், பத்தாம் நிமிடத்தில் போடாதீர்கள்.

சரி, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். பிரெஞ்சில் திரும்ப எடுத்து 2022இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவைத் தொடக்கிவைத்த கதையும் சொல்ல இருந்தேன், அதற்கு இந்தளவு பாராட்டுக் கிடைக்கவில்லை. கிளிநொச்சியில் குறும்படம் எடுக்கிற பொடியளுக்கு ஒன்று மட்டும்: படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எழும்பாதீர்கள், உண்மையாகப் படம்பிடித்த ஆட்கள் ஓடித் திரிவதை அதில் காட்டுகிறார்கள். வணக்கம்.