இரண்டாவது படம்

வணக்கம் நேயர்களே.

2003ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கொரியத் திரையரங்குகளுக்கு இரண்டு படங்கள் வந்தன. மாதத் தொடக்கத்தில் ஒன்று, கடைசி வாரத்தில் ஒன்று. இரண்டுக்கும் பின்னால் இருந்த தயாரிப்பாளர் ஒருவரே, சா சுங் ஜே. இயக்கிய இருவரும் கொரியத் திரைக்கலை அகாதெமியில் ஒன்றாகப் படித்தவர்கள், ஒன்றாக உட்கார்ந்து திரைக்கதை எழுதியவர்கள். முதலில் வந்தது 'சேவ் தி கிரீன் பிளானட்', இயக்கம் ஜாங் ஜூன் ஹ்வான். அடுத்து வந்தது 'மெமரிஸ் ஆஃப் மர்டர்', இயக்கம் பாங் ஜூன் ஹோ.

பாங்கின் படத்தை 50 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். ஜாங்கின் படத்துக்கு ஒரு லட்சம் பேர்கூட வரவில்லை. பாங் அதன் பிறகு நடந்த பாதை உலகமே அறிந்தது. 2019இல் கான் திரைப்பட விழாவில் 'பாரசைட்' படத்துக்குத் தங்கப் பனை என்னும் முதல் பரிசு, 2020 பிப்ரவரியில் நான்கு ஆஸ்கர். ஆங்கிலம் அல்லாத ஒரு மொழிப் படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்றது அதுவே முதல் முறை. ஜாங் தன் அடுத்த முழுநீளப் படத்தைக் கொண்டுவர 2013 வரை காத்திருந்தார். முழுதாகப் பத்து வருடம்.

கொரிய சினிமாவின் வெற்றிக்குக் காரணம் கேட்டால் அரசின் ஆதரவு என்பார்கள், பெரிய நிறுவனங்களின் பணம் என்பார்கள், மக்களின் ரசனை என்பார்கள். எல்லாவற்றிலும் உண்மை உண்டு. ஆனால் இந்தக் கலைஞர்களின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்து படிக்கும்போது, வேறொன்று திரும்பத் திரும்ப என் கண்ணில் படுகிறது. முதல் படம் விழுந்த பிறகு அடுத்த படத்தை யார் கொடுத்தார்கள் என்ற கேள்வி. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பாங்கிலிருந்தே தொடங்குவோம். 'மெமரிஸ் ஆஃப் மர்டர்' அவருடைய முதல் படம் என்று பலர் நினைக்கிறார்கள். அது இரண்டாவது. முதல் படம் 2000இல் வந்த 'பார்க்கிங் டாக்ஸ் நெவர் பைட்'. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, நாய் குரைக்கும் சத்தம் பொறுக்காத ஒரு கல்லூரி விரிவுரையாளர், நாய்களைத் தேடி அலையும் ஓர் இளம்பெண். இப்போது பார்த்தால் பாங்கின் கைவரிசை எல்லாம் அதிலேயே தெரிகிறது. அன்றைக்குத் திரையரங்கில் அது ஓடவில்லை. அதையும் தயாரித்தவர் சா சுங் ஜேதான். பணம் போன பிறகும் அதே இளைஞரிடம், இன்னும் பெரிய செலவில், இன்னும் கனமான ஒரு கதையைக் கொடுத்தார். அந்தத் துணிவு இல்லையென்றால் 'பாரசைட்' இல்லை.

அந்த இரண்டாவது படத்துக்கு நாயகன் கிடைத்த விதம் இன்னும் அழகானது. சோங் காங் ஹோ தெற்கே கிம்ஹே ஊரில் பிறந்தவர். நடிப்புக் கல்லூரியில் படித்தவர் அல்லர். பூசானில் மேடையேறி, பிறகு சியோலில் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்து வளர்ந்தவர். 1990களின் நடுவில் சினிமாவில் சிறு வேடங்கள் கிடைத்துவந்த காலத்தில், ஒரு படத்துக்கு நடிகர் தேர்வுக்குப் போனார். வேடம் கிடைக்கவில்லை. வேடம் கிடைக்காத நடிகருக்கு யாரும் பதில் சொல்லி அனுப்புவதில்லை, எந்த ஊர் சினிமாவிலும் இதுதான் வழக்கம். ஆனால் அந்தப் படத்தின் உதவி இயக்குநர் ஒருவர், சோங்கின் பேஜரில் நீளமாக ஒரு குரல் செய்தி வைத்திருந்தார். இந்த முறை ஏன் சேர்ந்து வேலை செய்ய முடியவில்லை, உங்கள் நடிப்பை எவ்வளவு மதிக்கிறோம் என்று நிதானமாக விளக்கிய செய்தி. அந்த உதவி இயக்குநர் பாங் ஜூன் ஹோ.

சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழாக மாறியது. சோங் நாடறிந்த நட்சத்திரம், பாங் தோற்ற ஒரு படத்தின் இயக்குநர். திரைக்கதை கைக்கு வந்தபோது சோங் அந்தக் குரலை மறந்திருக்கவில்லை. ஒப்புக்கொண்டார். இந்தக் கதையைச் சோங்கே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒருவருடைய நாகரிகத்துக்கு இன்னொருவர் வைத்திருந்த நினைவு, நான்கு பெரிய படங்களாக விளைந்தது.

ஹ்வாசோங் பகுதியில் 1986 முதல் 1991 வரை நடந்த தொடர் கொலைகளைத் தழுவிய படம் 'மெமரிஸ் ஆஃப் மர்டர்'. படம் எடுத்தபோது கொலைகாரன் யாரென்று தெரியாது. கடைசிக் காட்சியில், துப்பறியும் அதிகாரியாக நடித்த சோங் நேராகக் கேமராவைப் பார்ப்பார். உண்மைக் குற்றவாளி எங்கோ ஓர் அரங்கில் உட்கார்ந்து இதைப் பார்க்கக்கூடும், அவன் கண்ணைப் பார்க்க வேண்டும் என்பது பாங்கின் எண்ணம். 2019இல் மரபணுச் சோதனை மூலம் ஆள் தெரிந்தது. வேறொரு கொலைக்காக ஏற்கெனவே ஆயுள் தண்டனையில் சிறையில் இருந்தவன். அந்தச் செய்தி வந்தபின் அந்தக் கடைசிப் பார்வையை மறுபடி பாருங்கள், உடம்பு சிலிர்க்கும்.

பாங்குக்கு ஒரு தோல்வி. இன்னோர் இயக்குநர் பார்க் சான் வூக்குக்கு இரண்டு. தத்துவம் படித்தவர். 1992இல் முதல் படம், தோல்வி. ஐந்து வருடம் கழித்து 1997இல் இரண்டாவது, அதுவும் தோல்வி. இடைப்பட்ட காலத்தில் திரைப்பட விமர்சனம் எழுதிப் பிழைத்தார். தன் படத்தைப் பற்றி எழுத வேண்டிய பேனாவால் பிறர் படங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த மனிதரிடம், மியோங் ஃபிலிம்ஸ் நிறுவனம் 'ஜாயின்ட் செக்யூரிட்டி ஏரியா' என்ற பெரிய படத்தை ஒப்படைத்தது. கதை நடக்கும் இடம் வட கொரியாவும் தென் கொரியாவும் முகத்துக்கு முகம் நிற்கும் பன்முன்ஜோம். அங்கே காவலுக்கு நிற்கும் எதிரி நாட்டுச் சிப்பாய்கள் இரவில் ரகசியமாக நண்பர்களாகிறார்கள். 2000 ஜூனில் இரு நாட்டுத் தலைவர்களும் பியோங்யாங்கில் முதன்முதலாகச் சந்தித்தார்கள், செப்டம்பரில் படம் வந்தது. நாடே திரண்டு போய்ப் பார்த்தது. நான்கு ஆண்டுகளில் 'ஓல்ட்பாய்' கானில் கிராண்ட் பிரி பெற்றது. 2022இல் அதே விழாவில் சிறந்த இயக்குநர் விருது.

இவர்கள் எல்லோருக்கும் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். இம் க்வோன் டேக். இவருடைய வாழ்க்கையை நினைத்தால் எனக்கு மனம் நிறைந்துவிடும். ஜொல்லா மாகாணத்துக்காரர். கொரியப் போர்க்காலத்தில் பூசானில் கூலி வேலை பார்த்தார். பிறகு சியோல் வந்து படப்பிடிப்பில் எடுபிடி வேலை. 1962இல் முதல் படம். அடுத்த பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய 50 படங்கள்! அப்போதைய ராணுவ ஆட்சியில், உள்ளூர்ப் படம் எடுத்துக் காட்டும் நிறுவனத்துக்குத்தான் வெளிநாட்டுப் படம் இறக்குமதி செய்ய உரிமம் கிடைக்கும். லாபம் வெளிநாட்டுப் படத்தில். எனவே உள்ளூர்ப் படங்களைக் கணக்குக்காக அவசர அவசரமாக எடுத்துத் தள்ளினார்கள். இம்மும் தள்ளினார். அந்தப் படங்களை நினைக்கவே கூச்சமாக இருக்கிறது என்று அவரே பின்னாளில் சொன்னார்.

அப்படி ஐம்பது படம் எடுத்த ஒருவரை எந்த ஊரிலும் ஒரு முத்திரை குத்தி ஒதுக்கிவிடுவார்கள். இம் 1970களில் தன்னைத்தானே மாற்றிக்கொள்ளத் தொடங்கினார். 1981இல் இரண்டு பௌத்தத் துறவிகளைப் பற்றிய 'மண்டலா'. 1993இல் 'சோப்யோன்ஜே'. நேயர்களே, இந்தப் படத்தை நான் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். பான்சோரி என்பது கொரியாவின் பழைய கதைப்பாட்டுக் கலை. ஒருவர் பாட, ஒருவர் மத்தளம் தட்ட, மணிக்கணக்கில் கதை நகரும். அந்தக் கலை செத்துக்கொண்டிருந்த காலத்தில் ஊர் ஊராக நடக்கும் ஒரு பாடகரும் அவர் வளர்த்த இரண்டு பிள்ளைகளும்தான் கதை. சோங்சான் தீவில், கல் சுவர்களுக்கு நடுவே வளைந்து வரும் மண்பாதை. மூவரும் தூரத்தில் புள்ளியாகத் தெரிகிறார்கள். பாடிக்கொண்டே வருகிறார்கள். கேமரா நகரவில்லை, வெட்டு இல்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல். சோர்ந்து வந்தவர்கள் நம்மை நெருங்க நெருங்க ஆட ஆரம்பிக்கிறார்கள். பசியும் வறுமையும் எங்கே போயின என்றே தெரியாது. மகளாக நடித்த ஓ ஜோங் ஹே உண்மையிலேயே பான்சோரி கற்றவர். எவரும் ஓடும் என்று எண்ணாத அந்தப் படம், சியோலில் மட்டும் 10 லட்சம் பேர் பார்த்த முதல் கொரியப் படமானது. 2002இல் இம் கானில் சிறந்த இயக்குநர் விருது பெற்றார். ஐம்பது அவசரப் படங்களுக்குப் பிறகு, நாற்பது ஆண்டு உழைப்புக்குப் பிறகு.

இந்த மனிதர் 1999இல் தெருவில் உட்கார்ந்து தலையை மழித்துக்கொண்டார். திரையரங்குகள் வருடத்தில் 146 நாள் கொரியப் படம் காட்ட வேண்டும் என்ற விதியைக் குறைக்கக் கூடாது என்று நடந்த போராட்டம் அது. 2006இல் அது 73 நாளாகக் குறைக்கப்பட்டபோது, 'ஓல்ட்பாய்' நாயகன் சோய் மின் சிக் அரசு தந்த பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். திரையில் இடம் இருந்தால்தான் தோற்றவருக்கும் இன்னொரு முறை இடம் கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதுவரை நான் சொன்னது ஆண்களின் கதை. பெண்களுக்கு அடுத்த படம் கிடைக்காமல் போகப் படத்தின் தோல்வி தேவையில்லை. கல்யாணம் போதும்.

யூன் யோ ஜோங் 1971இல் 'வுமன் ஆஃப் ஃபயர்' படத்தில் அறிமுகமானார். இயக்குநர் கிம் கி யாங், பல் மருத்துவம் படித்துவிட்டு சினிமாவுக்கு வந்த ஒரு மேதை. அவருடைய மனைவி பல் மருத்துவராகச் சம்பாதித்த பணம் அவர் படங்களைத் தாங்கியது. அறிமுகப் படத்திலேயே யூன் பெரும் பெயர் பெற்றார். சில ஆண்டுகளில் ஒரு பாடகரை மணந்து அமெரிக்கா போனார். பத்து வருடம் போல நடிப்பு இல்லை. 1980களின் நடுவில் நாடு திரும்பினார், மணமுறிவு ஏற்பட்டது, கையில் இரண்டு மகன்கள். மணமுறிந்த பெண் திரையில் தெரிவதையே விரும்பாத காலம் அது. கிடைத்த எல்லாத் தொலைக்காட்சி வேடங்களையும் ஏற்றார். கலைக்காக அல்ல, பிள்ளைகளை வளர்க்க. 2021 ஏப்ரலில், 73 வயதில், 'மினாரி' படத்தின் பாட்டிக்காக ஆஸ்கர் பெற்ற முதல் கொரிய நடிகரானார். மேடையில், தன்னை வேலைக்கு விரட்டிய மகன்களுக்கு நன்றி சொன்னார். கூடவே தன் முதல் இயக்குநர் கிம் கி யாங்குக்கும். 1998இல் வீட்டில் பிடித்த தீயில் மனைவியோடு இறந்துபோனவர் அவர். உலகம் அவரை மறுபடி கண்டுபிடிக்கத் தொடங்கிய நேரத்தில் நடந்த மரணம்.

இன்னொருவர் யூன் ஜோங் ஹீ. 1960களில் கொரியத் திரையின் மூன்று பெரும் நாயகிகளில் ஒருவர். பிறகு பியானோ கலைஞர் ஒருவரை மணந்து பாரிஸில் வாழ்ந்தார். 1994க்குப் பிறகு படமே இல்லை. நாவலாசிரியராக இருந்து நாற்பதை ஒட்டிய வயதில் சினிமாவுக்கு வந்த லீ சாங் டாங், அவரை மனத்தில் வைத்தே ஒரு கதை எழுதினார். 2010இல் வந்த 'பொயட்ரி'. பேரனோடு வாழும் ஒரு மூதாட்டி கவிதை எழுதக் கற்றுக்கொள்கிறாள். அதே நேரத்தில் அவளுக்குச் சொற்கள் மறக்கத் தொடங்குகின்றன, அல்சைமர். கதாபாத்திரத்தின் பெயர் மிஜா. நடிகையின் இயற்பெயரும் மிஜா. அந்த நோய் அவருக்கே வந்ததைக் குடும்பத்தார் 2019இல் வெளியே சொன்னார்கள். 2023இல் பாரிஸில் காலமானார். பதினாறு வருட இடைவெளிக்குப் பிறகு ஒருவர் அவரை நினைத்து எழுதியதால், கடைசியாக ஒரு மகத்தான படம் நமக்கு மிஞ்சியிருக்கிறது.

இப்போது ஜாங் ஜூன் ஹ்வானிடம் வருகிறேன்.

'சேவ் தி கிரீன் பிளானட்' கதை இது: ஓர் ஏழை இளைஞன், ஒரு ரசாயன நிறுவனத்தின் முதலாளியை வேற்றுக்கிரகவாசி என்று நம்பிக் கடத்துகிறான். சிரிப்பாகத் தொடங்கி, சித்திரவதையாகி, கடைசியில் நெஞ்சைப் பிசையும் துயரமாக முடியும். விளம்பரமோ அதை வெறும் நகைச்சுவைப் படமாகக் காட்டியது. சிரிக்க வந்தவர்கள் திகைத்துப் போனார்கள், வேறு யாரும் வரவில்லை. மாஸ்கோ விழாவில் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது. முதலாளியாக நடித்த பேக் யூன் சிக், ஐம்பது வயதைத் தாண்டிய தொலைக்காட்சி நடிகர், இந்தப் படத்தால் சினிமாவில் புதுவாழ்வு பெற்றார். இயக்குநருக்கு மட்டும் வழி திறக்கவில்லை.

பத்து வருடம் கழித்து 'ஹ்வாயி' வந்தது, ஓடியது. பிறகு '1987'. காவல்துறைச் சித்திரவதையில் ஒரு மாணவர் இறந்ததையும், அதையொட்டி மக்கள் எழுந்து ராணுவ ஆட்சியைப் பணிய வைத்ததையும் சொல்லும் படம். அரசுக்குப் பிடிக்காத கலைஞர்களின் பெயர்களைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்துக்கொண்டிருந்த அதிபர் பார்க் குன் ஹேயின் ஆட்சிக்காலத்திலேயே இதற்கான வேலை தொடங்கிவிட்டது. சோங் காங் ஹோ, பார்க் சான் வூக் பெயர்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. நட்சத்திர நடிகர் காங் டாங் வோன் சிறிய வேடத்துக்கு முன்கூட்டியே சம்மதித்தது படத்துக்குத் தெம்பு தந்தது. 2017 டிசம்பரில் வெளியானபோது 70 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். ஓடாமல் போன அந்த 2003 படத்தைத் தழுவி 2025இல் கிரேக்க இயக்குநர் யோர்கோஸ் லான்திமோஸ் 'புகோனியா' எடுத்தார், எம்மா ஸ்டோன் நடிப்பில்.

எனக்கு இன்று இருக்கும் கவலையையும் சொல்லிவிடுகிறேன். 2019இல் கொரியத் திரையரங்குகளில் விற்ற டிக்கெட்டுகள் 22 கோடிக்கும் மேல். 2024இல் 12 கோடியை ஒட்டி வந்துவிட்டது. கொரோனாவுக்குப் பின் மக்கள் வீட்டுத் திரைக்குப் பழகிவிட்டார்கள். பணம் போடுபவர்கள் தயங்குகிறார்கள், தெரிந்த பெயர்களையே தேடுகிறார்கள். 2023, 2024, 2025 மூன்று ஆண்டுகளிலும் கான் போட்டிப் பிரிவில் ஒரு கொரியப் படம்கூட இல்லை. பாங், பார்க், லீ சாங் டாங் மூவரும் முறையே ஐம்பதுகளையும் அறுபதுகளையும் எழுபதுகளையும் தொட்டவர்கள். இப்போது முதல் படம் எடுத்துத் தோற்றிருக்கும் முப்பது வயது இயக்குநருக்கு ஒரு சா சுங் ஜே கிடைப்பாரா என்பதுதான் என் கேள்வி.

கொரியத் தொடர்களைத் தமிழில் பார்த்து ரசிக்கும் நேயர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். 'பாரசைட்' பார்த்துவிட்டீர்கள் என்றால், அடுத்து 'பார்க்கிங் டாக்ஸ் நெவர் பைட்' பாருங்கள். 'புகோனியா' பார்க்கும் முன் 'சேவ் தி கிரீன் பிளானட்' பாருங்கள். 'சோப்யோன்ஜே' படத்தைக் கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகப் பார்க்கத் தந்திருக்கிறது. வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து பாருங்கள், அந்த மண்பாதைக் காட்சி வரும்போது யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

நன்றி. வணக்கம்.