தொகையைப் பிறகு கேளுங்கள், நிபந்தனையை முதலில் கேளுங்கள்

அங்கன்வாடிப் பணியாளர்களே, தலைமையாசிரியர்களே, மகளிர் சுயஉதவிக் குழுச் சகோதரிகளே, பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பெண் குழந்தைகளுக்கு அரசு ஒரு திட்டம் வைத்திருக்கிறது என்றால் எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு தருவார்கள்?" என்றுதான். அந்தக் கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இந்த மேடைக்கு வந்திருக்கிறேன். எந்த வயதில் தருகிறார்கள், என்ன செய்திருந்தால் தருகிறார்கள், யார் கையில் தருகிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள். வீட்டின் போக்கை மாற்றுவது நிபந்தனை. தகுதியுள்ள பிள்ளைக்குப் பணம் கிடைக்காமல் போவதும் அதே நிபந்தனையில்தான்.

1989-இல் தமிழ்நாட்டில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் தொடங்கியது. உதவி 5,000 ரூபாய், மணப்பெண் எட்டாம் வகுப்பு வரை படித்திருக்க வேண்டும். அன்றைக்கு ஐந்தாம் வகுப்போடு பெண்ணை நிறுத்திவிட நினைத்த வீடுகளில் அந்த ஒரு வரி வேலை செய்தது. பிறகு பத்தாம் வகுப்பு என்று உயர்த்தினார்கள். 2011-இல் பத்தாம் வகுப்பு படித்தவருக்கு 25,000 ரூபாய், பட்டம் அல்லது பட்டயம் பெற்றவருக்கு 50,000 ரூபாய், இருவருக்கும் தாலிக்கு 4 கிராம் தங்கம் என்றானது. 2016-இல் தங்கம் 8 கிராம் ஆனது. படிப்பை வைத்துத் தொகை ஏறியது நல்ல ஏற்பாடு. ஆனால் பணம் வந்து சேர்ந்த நாள் கல்யாண நாள். அதனால் அது கல்யாணக் கணக்கிலேயே செலவானது.

இதே காலத்தில் மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில் என்ன நடந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். மூன்று ஆண்டு விடுதியில் தங்கி வேலை பார்த்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லிப் பதின்ம வயதுப் பெண்களை அழைத்துப் போனார்கள். வறுமையில் இருக்கும் வீட்டுக்கு மொத்தத் தொகை என்ற சொல் எவ்வளவு பெரிய இழுப்பு என்பது அந்த முகவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்த இழுப்பை எதிர்க்க வேண்டுமானால், படித்துக்கொண்டிருக்கும்போதே மாதாமாதம் பணம் வர வேண்டும், அதுவும் பெண்ணின் கணக்கிலேயே வர வேண்டும். திருமண உதவித் திட்டத்தை உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றி, "புதுமைப் பெண்" என்ற பெயரில் 2022 செப்டம்பர் 5-ஆம் நாள் தொடங்கியதை நான் மனமார வரவேற்பது இதனால்தான். மாதம் 1,000 ரூபாய். மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு 36,000, நான்காண்டுப் பொறியியலுக்கு 48,000. தொகை பெரிதல்ல என்பார்கள். தேர்வுக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் அப்பாவிடமோ அண்ணனிடமோ கை நீட்டாத ஒரு பெண், அடுத்த பருவமும் படிப்பேன் என்று வீட்டில் சொல்லும் குரல் வேறாக இருக்கும்.

இதன் நிபந்தனையைக் கவனியுங்கள். 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ. அல்லது பாலிடெக்னிக் போகிறவர் 6 முதல் 10 வரை. மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் எல்லாம் இதில் சேரும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்தில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கும் தகுதி உண்டு. 2024 டிசம்பர் இறுதியிலிருந்து அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள். வருமான வரம்பு இல்லை. ஒரே வீட்டில் எத்தனை பெண்கள் படித்தாலும் அத்தனை பேருக்கும் உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது நிற்காது. அஞ்சல்வழி, தொலைநிலைப் படிப்புக்கு மட்டும் கிடையாது.

ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு யோசிக்கிற விஷயமல்ல இது. ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளியில் சேர்க்கிறீர்கள் என்ற இடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. மருத்துவப் படிப்பில் 2020-இலும் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021-இலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கென வந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுக்கும் இதே கணக்கு. அதில் அரசு உதவிபெறும் பள்ளி சேராது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் கூடும் என்று ஒன்பதாம் வகுப்பில் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றும் பெற்றோர், அந்த ஒரு முடிவால் இரண்டையும் இழக்கிறார்கள். மாற்றாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இழப்பது எது என்று தெரிந்து மாற்றுங்கள் என்கிறேன். தலைமையாசிரியர்கள் மாற்றுச் சான்றிதழில் கையெழுத்துப் போடும் முன் இதை ஒரு நிமிடம் எடுத்துச் சொன்னால் போதும்.

விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். அங்கே இதற்கென ஓர் ஒருங்கிணைப்பு அலுவலர் இருப்பார். பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களைக் கணினியில் வைத்திருக்கும் எமிஸ் பதிவிலிருந்து படித்த பள்ளிகள் சரிபார்க்கப்படும். பள்ளி மாறியபோது பழைய எமிஸ் எண்ணிலேயே தொடராமல் புதிதாக ஓர் எண் போட்டிருந்தால், அந்தப் பிள்ளையின் வரலாறு பாதியில் அறுந்து நிற்கும். இதைப் பன்னிரண்டாம் வகுப்பிலேயே பள்ளியில் பார்த்துச் சரிசெய்வது எளிது. கல்லூரிக்குப் போன பிறகு அலைச்சல்தான்.

இனி வங்கிக் கணக்கு. இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகும் பணம் வராமல் போவது பெரும்பாலும் இங்கேதான். ஆதார் எண்ணை வங்கியில் கொடுத்துவிட்டோம், அது போதும் என்று நினைக்கிறோம். போதாது. அரசு உதவித்தொகை வரும் கணக்கு எது என்பதைத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் பதிவேடு தீர்மானிக்கிறது. ஓர் ஆதாருக்கு ஒரு வங்கிதான் அங்கே இருக்க முடியும். கடைசியாக எந்த வங்கியில் இணைத்தீர்களோ, பணம் அங்கே போய்விடும். பள்ளியில் ஒரு வங்கி, கல்லூரி வாசலில் முகாம் போட்டுத் திறந்த இன்னொரு வங்கி என்று இருந்தால், பிள்ளை கையில் உள்ள பாஸ்புத்தகம் காலியாக இருக்கும், பணம் வேறிடத்தில் கிடக்கும். வங்கிக்குப் போய் "அரசு உதவித்தொகை பெறுவதற்காக ஆதாரை இணைக்க வேண்டும்" என்று எழுத்தில் கொடுங்கள். எந்த வங்கி பதிவாகியிருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

சிறுவயதில் தொடங்கிய கணக்கு 18 வயது முடிந்ததும் பெரியவர் கணக்காக மாற வேண்டும். புதிய கையெழுத்து, புகைப்படம், அடையாளச் சான்று கொடுக்காவிட்டால் பரிவர்த்தனை நிறுத்தப்படும். கல்லூரி முதலாண்டில்தான் பெரும்பாலான பெண்களுக்கு 18 முடிகிறது என்பதால், இரண்டு மாதம் வந்த பணம் மூன்றாம் மாதம் நின்றது என்ற புகாரின் காரணம் பல நேரம் இதுவாக இருக்கும். இரண்டாண்டு எந்தப் பரிவர்த்தனையும் நடக்காத கணக்கும் செயலற்றதாகிவிடும். ஆதாரில் கைரேகையை 15 வயதில் கட்டாயம் புதுப்பிக்க வேண்டும். ஐந்து வயதில் எடுத்த ரேகையோடு போய் நின்றால் இயந்திரம் ஏற்காது.

அடுத்து பெயர். நம் ஊரில் தலைப்பெழுத்து வைக்கும் வழக்கம் நமக்கு அழகு, கணினிக்குச் சிக்கல். பிறப்புச் சான்றில் "கவிதா", பள்ளியில் "சு. கவிதா", ஆதாரில் "கவிதா சுப்பிரமணி" என்று மூன்றும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும், பதிவேட்டுக்குத் தெரியாது. பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் வாக்காளர் பட்டியல் வரை பிறப்புச் சான்றே அடிப்படை ஆவணம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பும் நேரம்தான் எல்லாவற்றையும் ஒரே எழுத்தில் கொண்டுவரச் சரியான நேரம். மதிப்பெண் சான்றிதழ் அச்சானபின் திருத்துவது மிகக் கடினம்.

குழந்தைப் பருவத்துக்கு வருகிறேன். 1992-இல் தொடங்கிய பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம், சிசுக்கொலைக் கொடுமை பேசப்பட்ட காலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தோடு பிறந்தது. 2011 ஆகஸ்ட் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு, ஒரே பெண் குழந்தை என்றால் 50,000 ரூபாய், இரண்டு பெண் குழந்தைகள் என்றால் ஆளுக்கு 25,000 ரூபாய், தமிழ்நாடு மின்விசை நிதி மற்றும் அடிப்படை வசதி மேம்பாட்டுக் கழகத்தில் அரசு வைப்பீடு செய்யும். ஆறாம் ஆண்டிலிருந்து படிப்புச் செலவுக்கு ஆண்டுக்கு 1,800 ரூபாய். 18 வயதில் வட்டியோடு முழுத் தொகை. ஆனால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியிருக்க வேண்டும்.

பெற்றோரில் ஒருவர் 40 வயதுக்குள் குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும். ஆண் குழந்தை இருக்கக் கூடாது. ஆண்டு வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாயாக இருந்தது, பிறகு 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. ஒரே குழந்தை என்றால் அது பிறந்து மூன்றாண்டுக்குள், இருவர் என்றால் இரண்டாம் குழந்தை பிறந்து மூன்றாண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இந்த மூன்றாண்டில்தான் பலர் தவறுகிறார்கள். தாயின் உடல்நிலை காரணமாக அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவார்கள், சான்றுக்கு இ-சேவை மையம் போவதைத் தள்ளிப்போடுவார்கள், காலம் முடிந்திருக்கும். அங்கன்வாடியில் எடை பார்க்கும் ஒவ்வொரு பெண் குழந்தையின் பெயருக்கு எதிரிலும் இந்தக் கடைசித் தேதியை எழுதி வையுங்கள். அறுவை சிகிச்சையையும் குழந்தையின் உரிமையையும் ஒன்றாகக் கட்டியிருப்பது எனக்கு ஏற்புடையதல்ல. பெற்றோரின் முடிவுக்காக ஒரு குழந்தை ஏன் இழக்க வேண்டும்? நிபந்தனை மாறும்வரை, அதைத் தெரிந்துகொண்டு நடப்பது தவிர வேறு வழியில்லை.

இந்த வரம்புகளுக்கு வெளியே நிற்கும் வீடுகளுக்கு 2015-இல் வந்த செல்வமகள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. இது அரசு தரும் பணமல்ல, நீங்கள் சேர்க்கும் பணம். பத்து வயதுக்குள் அஞ்சலகத்திலோ வங்கியிலோ தொடங்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 250, கூடியது 1,50,000 ரூபாய். கட்டுவது 15 ஆண்டு, முதிர்வது 21 ஆண்டில். வட்டி 2024 ஜனவரி முதல் 8.2 விழுக்காடு. காலாண்டுக்கு ஒருமுறை அரசு இதை அறிவிக்கும். இந்த வட்டி அப்படியே நீடித்தால், மாதம் 1,000 வீதம் கட்டும் 1,80,000 ரூபாய் ஏறத்தாழ ஐந்தரை லட்சம் ஆகும். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் கட்டுங்கள். அதற்குப் பிறகு கட்டினால் அந்த மாத வட்டி போய்விடும். ஓராண்டு விட்டுப்போனால் கணக்கு செத்துவிட்டது என்று கைவிடாதீர்கள், 50 ரூபாய் அபராதத்தோடு அந்த ஆண்டின் 250-ஐக் கட்டினால் உயிர்பெறும். பெண்ணுக்கு 18 ஆனதும் அல்லது பத்தாம் வகுப்பு முடித்ததும், முந்தைய நிதியாண்டு இறுதி இருப்பில் பாதி வரை படிப்புக்காக எடுக்கலாம். கணக்கைத் தாத்தா பாட்டி பெயரில் தொடங்கக் கூடாது. பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோதான் தொடங்க வேண்டும்.

பதின்ம வயதில் இன்னொரு தடை உடல். புதுயுகம் திட்டத்தில் 10 முதல் 19 வயது வரை இரண்டு மாதத்துக்கு மூன்று பொட்டலம், ஆண்டுக்கு 18 பொட்டலம் நாப்கின் தரப்படுகிறது. பள்ளிக் கழிப்பறையில் தண்ணீரும் குப்பை அகற்ற வழியும் இல்லாவிட்டால் பொட்டலம் கொடுத்தும் பிள்ளை அந்த நாட்களில் வீட்டில்தான் இருப்பாள்.

குழந்தைத் திருமணம் நடக்கப்போகிறது என்று தெரிந்தால் 1098-ஐ அழையுங்கள். மாவட்ட சமூகநல அலுவலரே குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடுவர் நீதிமன்றம் தடையாணை போட்டால், அதை மீறி நடக்கும் திருமணம் சட்டப்படி செல்லாது. எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவது மட்டும் போதாது, ஏனென்றால் பக்கத்து மாவட்டக் கோயிலில் போய் நடத்திவிடுவார்கள். தடுத்த மறுநாளே அந்தப் பெண் வகுப்பில் இருக்கிறாளா என்று பார்ப்பதே உண்மையான தடுப்பு.

கடைசியாக ஒரு வேலை, இதை இந்த மாதமே செய்யலாம். 2001-இல் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம் திருத்தப்பட்டபோது ஒரு குழந்தைக்கு 22,200, இரு குழந்தைகளுக்கு ஆளுக்கு 15,200 ரூபாய் என வைப்பீடு செய்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு இப்போது 18 முடிந்திருக்கிறது. வீடு மாறியிருப்பார்கள், பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று தெரியாது, அப்படி ஒரு பணம் இருப்பதே மறந்திருக்கும். உங்கள் தெருவில் அப்படிப்பட்ட பெண்கள் இருந்தால் வைப்பீட்டுப் பத்திரம், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார், அவர்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கின் பாஸ்புத்தகம் ஆகியவற்றோடு ஒன்றிய அலுவலகத்தில் உள்ள சமூகநல விரிவாக்க அலுவலரிடம் அனுப்புங்கள். பத்திரம் தொலைந்திருந்தாலும், பெயர் வேறுபட்டிருந்தாலும் போகச் சொல்லுங்கள். தாயின் பெயரையும் பிறந்த தேதியையும் வைத்து மாவட்ட சமூகநல அலுவலகத்துப் பதிவேட்டில் தேடச் சொல்லிக் கேட்கலாம்.