சிஎன்சி ரூட்டர் வாங்குறதுக்கு முன்னாடி மூக்கைப் பிடிச்சு இழுத்துப் பாருங்க

வணக்கங்க. சேலத்துல தலைவாசல் கதவு, பூஜை ரூம் ஜாலி, நேம் போர்டு வேலை செய்றவங்க சிஎன்சி ரூட்டர், அதாவது கம்ப்யூட்டர் சொல்றபடி மரம் வெட்டுற மிஷின், வாங்கணும்னாலே மொதல்ல கேக்குறது "எத்தனை கிலோவாட் ஸ்பிண்டில்?"னுதான். ஸ்பிண்டில்னா டூலைச் சுத்துற மோட்டார், அதைக் கடைசியா பேசிக்கலாம். ஆடுற ஃபிரேம்ல 2.2 கிலோவாட் மாட்டினா ஆட்டம்தான் பெருசாகும். மிஷின் எவ்ளோ இறுக்கமா நிக்குதுன்னு மொதல்ல அளந்துருங்க.

இதுக்கு ஒரு டயல் கேஜ் (நுணுக்கமான நகர்வைக் காட்டுற மீட்டர்), மேக்னட் ஸ்டாண்டு, லக்கேஜ் எடை போடுற கொக்கித் தராசு போதும். மிஷின் ஆன்ல இருக்கணும், மோட்டார் எல்லாம் லாக் ஆகி நிக்கணும். ஸ்டாண்டை பெட் மேல வைங்க. அலுமினியம் பெட்டுல மேக்னட் ஒட்டாது, ஒரு இரும்புத் தகட்டை கிளாம்ப் போட்டு அதுமேல வைங்க. டயல் ஊசி மிஷினோட மூக்கை, அதாவது டூலைப் பிடிக்கிற கோலட் நட்டைத் தொட்டுக்கிட்டு நிக்கணும். அதே நட்டுல கயிறு கட்டி, தராசு 10 கிலோ காட்டுற வரைக்கும் பக்கவாட்டுல இழுங்க. அப்புறம் முன்னாடி பக்கமும் அதே மாதிரி.

முள்ளு 0.1 எம்எம் நகந்தா மரத்துக்கு ஓட்டலாம், அலுமினியம் பக்கம் போகாதீங்க. 0.02க்குள்ள நின்னா நல்ல மிஷின். கயித்தை விட்டதும் முள்ளு பழைய எடத்துக்கு வரலைன்னா, அது வளையுறது இல்லீங்க, எங்கயோ லூசு. போல்ட்டு, கப்ளிங், பால் நட்டு, வரிசையா பாருங்க.

இப்ப அதே 10 கிலோ இழுப்புல டயலை ஒவ்வொரு எடமா மாத்துங்க. இசட் பிளேட்டுல (ஸ்பிண்டில் மாட்டி மேல கீழ போற தகடு) 0.07 காட்டுது, அதே உயரத்துல கேன்ட்ரி பைப்புல (பெட்டுக்குக் குறுக்க நிக்கிற பாலம்) 0.02தான் காட்டுதுன்னு வைங்க. மிச்சம் 0.05 எங்க போச்சு? நடுவுல ரெயில் மேல ஓடுற பேரிங் பிளாக்லதான். மேல் ரெயிலும் கீழ் ரெயிலும் ஒட்டி ஒட்டி இருக்கும், இல்ல ப்ரீலோடே (ஆட்டம் வராம உள்ள குடுக்குற இறுக்கம்) இல்லாத பிளாக்கா இருக்கும். இதை ஸ்பிண்டில் மாத்தி சரிபண்ண முடியாது. ரெயில் இடைவெளியைக் கூட்டணும், டூல் தொங்குற நீளத்தைக் குறைக்கணும். 200 எம்எம் இசட் டிராவல், அதாவது ஸ்பிண்டில் மேல கீழ போற தூரம்னு பெருமையா சொல்லுவாங்க. 35 எம்எம் கதவுக்கு அது எதுக்குங்க? 100 போதும்.

சொந்தமா கட்டுறவங்க கேன்ட்ரிக்கு 100க்கு 100, 6 எம்எம் கனத்துல எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) சதுர பைப் எடுங்க. மீட்டருக்கு 17 கிலோ வரும். நம்ம உருக்காலைல கிடைக்குமான்னு கேக்காதீங்க, அது ஸ்டெயின்லெஸ். நமக்கு இரும்புக் கடையில கிடைக்கிற சாதா எம்எஸ்தான் வேணும். 1200 எம்எம் ஸ்பேன்ல (ரெண்டு பக்கத் தாங்கிக்கும் இடையில உள்ள தூரம்) நடுவுல 10 கிலோ தொங்கவிட்டா, கணக்குப்படி இந்தப் பைப்பு 6 மைக்ரான்கூட வளையாது. கெடுக்குறது முறுக்கு. ஸ்பிண்டில் பைப்புக்குக் கீழ தொங்குறதால வெட்டும்போது பைப்பைத் திருகுது. அதனாலதான் சி சேனல் வேண்டாங்குறேன், ஒரு பக்கம் தொறந்தது முறுக்குக்கு நிக்கவே நிக்காது.

அகலத்துல பேராசை வேண்டாம். ஸ்பேன் ரெட்டிப்பானா வளைவு எட்டு மடங்கு. கதவு ஏழடிக்கு மூணரை அடிதானே? நீளவாக்குல ரெயில் முழுசா ஃபிரேம் மேல உக்காந்திருக்கு, அந்தப் பக்கம் தாராளமா நீட்டிக்கலாம். ஆனா அந்த நீளத்துக்கு 16 எம்எம் பால் ஸ்க்ரூ போட்டீங்கன்னா 400 ஆர்பிஎம் தொடுறதுக்குள்ள ஸ்கிப்பிங் கயிறு மாதிரி சுத்தும். ரேக் பினியன் (பல் பட்டை மேல ஓடுற பல் சக்கரம்) போடுங்க.

ரெயில் உக்கார்ற எடத்துல 12 எம்எம் ஃபிளாட்டை (பட்டை இரும்பு) வெல்டு பண்ணுங்க. ஒரே ஓட்டமா ஓட்டினா ஃபிளாட்டு இழுத்துக்கும். 50 எம்எம் அடிச்சுட்டு எதிர்ப்பக்கம் போங்க. மில்லிங் எல்லா வெல்டும் முடிஞ்சப்புறம்தான், ரெண்டு ஃபிளாட்டையும் ஒரே செட்டிங்ல. நீளமான பிளேனோ மில்லிங் (பெரிய மிஷின்ல மட்டமா சீவுறது) செலவு தாங்கலைன்னா எபாக்ஸி ஊத்தி லெவல் எடுக்கலாம். தண்ணியா ஓடுற ரகம், ஸ்லோ ஹார்டனர். ரெண்டு ஃபிளாட்டையும் ஒரு வாய்க்கால் போட்டு இணைச்சாதான் ரெண்டும் ஒரே மட்டத்துல நிக்கும். ஓரத்துல எபாக்ஸி மேல ஏறி நிக்கும்கறதால, ரெயிலை விட ரெண்டு பக்கமும் 15 எம்எம் கூட விட்டுக் கரை கட்டுங்க. சித்திரை வெயில்ல மத்தியானம் ஊத்தினா மட்டம் ஆகுறதுக்குள்ள இறுகிடும், விடியக்காலைல ஊத்துங்க. ஏற்காட்ல ஷெட்டு இருக்குறவங்களுக்கு இந்தக் கவலை கம்மி.

20 எம்எம் ரெயில்ல 60 எம்எம்க்கு ஒரு எம்5 போல்ட்டு வரும். ஒண்ணுவிட்டு ஒண்ணு போடுற வேலை ஆகாது. மொத ரெயிலை ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வெச்சு முழுசா இறுக்குங்க. ரெண்டாவதை லூசா வெச்சு, கேன்ட்ரியைக் கையில தள்ளிக்கிட்டே, கேன்ட்ரி நிக்குற எடத்துப் போல்ட்டா பாத்து இறுக்கிட்டு வாங்க. எங்கயும் பிடிக்கக் கூடாது.

இவ்ளோ இறுக்கம் எதுக்குன்னா, ஏற்காட்டு எஸ்டேட் சில்வர் ஓக்ல 6 எம்எம் ரெண்டு ஃபுளூட் (ரெண்டு பல்லு) டூல், 18,000 ஆர்பிஎம், பல்லுக்கு 0.1 எம்எம்னா ஃபீடு நிமிஷத்துக்கு 3,600 எம்எம் வருது. ஆடுற மிஷின்ல சத்தத்துக்குப் பயந்து 1,000க்குக் குறைப்பாங்க. அப்ப டூல் வெட்டாது, தேய்க்கும். மரம் கருகி, டூலும் மழுங்கிடும்.

இப்ப ஸ்பிண்டில். மரத்துக்கு 1.5 கிலோவாட்டே தாராளம். ஸ்பிண்டில் வேகத்தைக் கட்டுப்படுத்துற விஎஃப்டிக்குத் தனி லைன், நல்ல எர்த், ஸ்பிண்டிலுக்கு ஷீல்டு கேபிள். வாட்டர் கூலிங்னா போர் தண்ணி ஊத்தாதீங்க, உப்பு படிஞ்சு உள்ள அடைச்சுக்கும். பேட்டரிக்கு வாங்குற டிஸ்டில்டு வாட்டர் ஊத்துங்க.

உங்க ஸ்பேன் எவ்ளோ, பைப் என்ன சைஸ், 10 கிலோ இழுப்புல டயல் என்ன காட்டுச்சு, மூணையும் கமெண்ட்ல போடுங்க. எந்த ஜாயிண்ட்டுல போகுதுன்னு பாத்துச் சொல்றேன்.