உறையைப் பார்த்துக் கத்தி வாங்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கட்டட வேலைக்கான கருவிகளைச் சொல்லச் சொன்னால் கரண்டி, மட்டப்பலகை, தூக்குக்குண்டு, சம்மட்டி என்று வரிசையாகச் சொல்வோம். கத்தியை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் அறுக்க வேண்டியவை எத்தனை! சிமெண்ட் மூட்டையின் வாய், டைல்ஸ் பெட்டியைச் சுற்றிய பிளாஸ்டிக் பட்டை, சாரக்கயிறு, தார்ப்பாய், பி.வி.சி. குழாயின் முனையில் நிற்கும் பிசிறு. கத்தி இல்லாதவர் உடைந்த ஆக்சா பிளேடில் துணியைச் சுற்றிக்கொண்டு அறுக்கிறார். அந்தக் கைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. அதனால்தான் இன்று இதைப் பேச வந்தேன்.

ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் பிளேடு கட்டர் அட்டைக்கும் ஜிப்சம் பலகைக்கும் நல்லது. தடித்த கயிற்றில் அழுத்தினால் பிளேடு ஒடிந்து தெறிக்கும். மடக்குக் கத்தியின் மூட்டில் மணலும் சிமெண்ட் தூளும் புகுந்துவிடும். பூட்டு சரியாக விழாவிட்டால் கத்தி விரல்மேலேயே மடங்கும். மடங்காத சிறு கத்திக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

இந்த வகையில் நான் மதிப்பது சுவீடன் நாட்டுப் பழக்கத்தை. அங்கே டாலர்னா மாகாணத்தில் மோரா என்ற ஊர். அதை அடுத்த ஓஸ்ட்னோர் கிராமத்தில் 1891இல் ஃப்ரோஸ்ட் எரிக் எர்சன் என்பவர் மரம் இழுக்கும் சறுக்குவண்டிகள் செய்யும் பட்டறை தொடங்கினார். பட்டறை வேலைக்குக் கத்தி தேவைப்பட்டது. அதையும் அங்கேயே செய்தார்கள். பிறகு கத்தியே முதல் தொழிலாகிவிட்டது. இன்றும் சுவீடன் தச்சர்களும் கட்டடத் தொழிலாளர்களும் பிளாஸ்டிக் பிடி போட்ட மலிவான மோரா கத்தியைத்தான் சாதாரணமாக வைத்திருக்கிறார்கள். வேலைக்கால்சட்டையின் பக்கவாட்டில் கத்தி உறையை மாட்டுவதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கும். கத்திக்கு இடம் ஒதுக்கித்தான் அவர்கள் உடையையே தைக்கிறார்கள்.

கடைக்குப் போனால் எல்லோரும் முதலில் அலகைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் உறையைப் பாருங்கள். கத்தியைச் செருகிவிட்டுத் தலைகீழாகக் குலுக்குங்கள், விழக்கூடாது. ஏணியில் ஏறும்போதும் சாரத்தில் குனியும்போதும் கத்தி நழுவினால் கீழே நிற்பவரின் தலைக்கு ஆபத்து. ஒரு கையாலேயே எடுக்கவும் செருகவும் முடிய வேண்டும். செருகுவது சிரமமாக இருந்தால், மனிதர் கத்தியை அப்படியே பலகைமேல் திறந்து வைத்துவிடுவார். உறை கெட்டிப் பிளாஸ்டிக்காக, அடியில் நீர் வடிய ஒரு துளையோடு இருக்கட்டும். தோல் உறை ஈரத்தையும் மணலையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நமது மழைக்காலத்தில் அலகு அதற்குள்ளேயே துருப்பிடித்துவிடும்.

அடுத்தது கைப்பிடி. வியர்வையும் சிமெண்ட் பாலும் பட்ட கை, மூட்டையைக் குத்தும்போது முன்னோக்கி வழுக்கி அலகின்மேல் ஏறிவிடும். அதைத் தடுக்கக் கைப்பிடியின் முன்பக்கம் ஒரு விரல்தடுப்பு மேடு கட்டாயம் வேண்டும். மோராவிலேயே மரப்பிடி போட்ட பழைய மாதிரிகள் சிலவற்றில் அது கிடையாது. பார்க்க அழகாக இருந்தாலும் அவற்றைக் கட்டட வேலைக்கு வாங்காதீர்கள்.

அலகின் நீளம் 9 அல்லது 10 சென்டிமீட்டர் போதும். கனம் 2 மில்லிமீட்டர் இருந்தால் நன்றாக அறுக்கும். சற்று முரட்டு வேலைக்கு 3 மில்லிமீட்டரைத் தாண்டிய மாதிரிகளும் உண்டு. கார்பன் ஸ்டீலா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று கேட்டால், கடலோர ஊர்க்காரர்களுக்கும் ஈரத்தில் வேலை செய்யும் பிளம்பர்களுக்கும் யோசிக்காமல் ஸ்டெயின்லெஸ் என்பேன். தினமும் துடைத்து எண்ணெய் தடவும் பொறுமை உள்ளவர் கார்பன் ஸ்டீல் வாங்கலாம்.

சுவீடன் கத்திகளில் எனக்கு மிகவும் பிடித்தது, அலகின் இரு பக்கமும் நடுவிலிருந்து கூர் வரை ஒரே சரிவாக இறங்குவது. அந்தச் சரிவு முழுவதையும் சாணைக்கல்லில் படிய வைத்துத் தேய்த்தால் போதும். கோணம் தானாகவே அமைந்துவிடும். புதிதாக வேலைக்கு வந்த பையன்கூட ஒரு மாலையில் கற்றுக்கொள்வான். இது பெரிய விஷயம். மழுங்கிய கத்திக்கு அதிக அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கிறது, அழுத்தம் கூடும்போதுதான் கை தவறுகிறது. இந்த அமைப்புக்கு ஒரு குறையும் உண்டு: கூர் மெல்லியது, ஆணியில் பட்டால் பல்விழும்.

ஆகவே கத்தியால் நெம்பாதீர்கள். அதன் முதுகில் சுத்தியால் தட்டாதீர்கள். தட்ட வேண்டிய வேலைக்கு உளிபோல நுனி தட்டையான கத்தி தனியாகக் கிடைக்கிறது. எலக்ட்ரீஷியன்களுக்கு ஒரு வார்த்தை: ரப்பர் பிடி என்பதால் மின்சாரம் தாக்காது என்று நம்பிவிடாதீர்கள். 1000 வோல்ட் சோதனை முத்திரை இல்லாத கத்தி, மின்னோட்டம் உள்ள கம்பியின் அருகே போகவே கூடாது.

சிங்கப்பூருக்கோ வளைகுடா நாடுகளுக்கோ வேலைக்குப் போகும் நம்மவர்கள், கத்தியைப் பெட்டியில் வைக்கும் முன் நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியைக் கேட்டுவிடுங்கள். கை விட்டதும் தானாகப் பிடிக்குள் போய்விடும் பிளேடைத் தவிர வேறெதையும் அனுமதிக்காத தளங்கள் உண்டு. அனுமதி இருந்தாலும் வேலை முடிந்ததும் கத்தியைக் கருவிப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் தெருவில் இறங்க வேண்டும். சுவீடனிலேயே 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலை போன்ற தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது குற்றம். நன்றி, வணக்கம்.